ஊரில் விட்டுவந்த கணக்குகள்

அமெரிக்காவில் வேலைக்கு வந்து இறங்கியவருக்கு முதல் சில மாதங்களில் சொல்லித்தர ஆள் நிறைய இருப்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் எங்கே வாங்குவது, கிரெடிட் ஸ்கோரை எப்படி ஏற்றுவது, 401கே-யில் எத்தனை சதவீதம் போடுவது என்பதையெல்லாம் அலுவலகத் தோழர்களே சொல்லிவிடுவார்கள். ஊரில் விட்டுவந்த கணக்குகளைப் பற்றி மட்டும் பேச்சே வராது. பழைய சம்பளக் கணக்கு, பி.பி.எஃப்., முந்தைய கம்பெனியின் இ.பி.எஃப்., தங்கை கல்யாணத்துக்கென்று போட்ட ஃபிக்சட் டெபாசிட், அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருக்கும் எஸ்.ஐ.பி. என்று எதுவாக இருந்தாலும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அதைப் பற்றிக் கேட்கிறது.

அமெரிக்க வரிச்சட்டம் தன் குடியிருப்பாளருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அதைக் கணக்கில் எடுக்கும். இந்தியாவில் 'வரி விலக்கு' என்று சொல்லித் தரப்பட்ட வட்டிக்கு அந்தச் சலுகையை இந்தியா தந்தது; அமெரிக்கா தரவில்லை. அதைவிட முக்கியமாக, வரி கட்டுவது ஒரு கடமை, கணக்கு இருக்கிறது என்று தெரிவிப்பது வேறொரு கடமை. ஒரு டாலர்கூட வரி வராத கணக்கையும் தெரிவித்தாக வேண்டியிருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவதில்தான். 'அதில் வருமானமே இல்லையே, எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று நேர்மையாகவே நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணத்துக்கும் இப்போது இடமில்லை. 2010-இல் அமெரிக்கா ஃபட்கா சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி இந்தியா 2015 ஜூலை 9 அன்று அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வங்கியும் மியூச்சுவல் ஃபண்டும் 'நீங்கள் வேறு நாட்டின் வரிக் குடியிருப்பாளரா?' என்று கேட்டு ஒரு சுய உறுதிமொழிப் படிவத்தை நீட்டுகின்றனவே, அது இதற்காகத்தான். அந்த விவரம் இந்திய வருமான வரித்துறை வழியாக ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போகிறது.

யாருக்கு இது பொருந்தும்

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குச் சந்தேகமே வேண்டாம், பொருந்தும். விசாவில் இருப்பவருக்கு நாள் கணக்கு உண்டு. இந்த ஆண்டில் குறைந்தது 31 நாள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அதோடு இந்த ஆண்டின் நாட்கள் முழுதும், போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கும் சேர்த்து 183 வந்தால் நீங்கள் வரிக் குடியிருப்பாளர். எச்1பி, எல்1-இல் வருபவர்கள் அநேகமாக முதல் அல்லது இரண்டாம் ஆண்டிலேயே இதற்குள் வந்துவிடுவார்கள். எஃப்1 மாணவர்களுக்கு முதல் 5 காலண்டர் ஆண்டுகளின் நாட்கள் எண்ணப்படுவதில்லை. 2021 ஆகஸ்டில் படிக்க வந்தவருக்கு அந்த 5 ஆண்டுகள் 2021 முதல் 2025 வரை. 2026 ஜனவரியிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்துவிடும். வேலை கிடைத்து ஓ.பி.டி.யில் இருக்கும் பலர் இந்தத் தேதியைக் கவனிப்பதில்லை.

எச்4-இல் வரும் மனைவிக்கும் இதே நாள் கணக்குதான். அவர் வேலைக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் அவர் பெயருக்குப் போட்ட டெபாசிட்டும் அவருடைய பி.பி.எஃப்.பும் அவருடைய கணக்குகள். 'வீட்டுக்காரர் தாக்கல் செய்துவிட்டார்' என்பது அவருக்குப் போதாது. இருவரும் ஒரே எஃப்பார் அறிக்கை (வெளிநாட்டுக் கணக்குகளைத் தெரிவிக்கும் அறிக்கை; விவரம் அடுத்த பகுதியில்) போட வேண்டுமானால் மனைவி தெரிவிக்க வேண்டிய கணக்குகள் எல்லாமே கணவரோடு கூட்டுக் கணக்காக இருக்க வேண்டும். இருவரும் படிவம் 114ஏ-யில் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளவும் வேண்டும். அப்படி இல்லையென்றால் தனித்தனியாகத்தான்.

பேரன் பேத்தியைப் பார்க்க வரும் பெற்றோரையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் விசிட்டர் விசாவில் வந்து 180 நாள் தங்குகிறவருக்குக் கணக்குப் போடுங்கள்: 180, அதோடு 60, அதோடு 30, மொத்தம் 270. அவர் குடியிருப்பாளர் ஆகிவிடுகிறார். இந்த ஆண்டின் நாட்கள் 183-க்குக் குறைவாக இருந்து, வீடு, குடும்பம், வருமானம் எல்லாம் இந்தியாவில்தான் என்று காட்ட முடிந்தால் படிவம் 8840 போட்டு அதிலிருந்து விலகலாம். ஆண்டுக்கு 120 நாளோடு நிறுத்திக்கொண்டால் மொத்தம் 180தான் வரும், தொல்லையே இல்லை. டிக்கெட் போடும்போதே இந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்கித் தருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்பாவின் பென்ஷன் விழும் கணக்கு, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அம்மா பெயரில் உள்ள தபால் அலுவலக வைப்பு எல்லாம் அன்றிலிருந்து அமெரிக்கப் படிவத்தில் ஏற வேண்டியவை.

எஃப்பார்

எஃப்பார் என்பது வரிப் படிவம் அல்ல. 1970-ஆம் ஆண்டின் வங்கி ரகசியச் சட்டத்தின் கீழ், கருவூலத் துறையின் ஃபின்சென் என்ற பிரிவுக்கு நேரடியாக இணையத்தில் அனுப்பும் அறிக்கை. படிவ எண் 114. கட்டணம் கிடையாது. வருடாந்தர வரித் தாக்கலோடு இது தானாகப் போய்விடாது. தனியாகத்தான் அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 15. விட்டுப்போனால் அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு, விண்ணப்பம் எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டில் ஏதாவது ஒரு சமயத்தில் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அறிக்கை போட வேண்டும். ஒவ்வொரு கணக்கும் தாண்டியிருக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில்தான் தப்புக்கணக்கு வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து டல்லாஸுக்குப் போன ஒரு மென்பொருள் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு எளிதாக டாலர் 85 ரூபாய் என்று வைப்போம். சேமிப்புக் கணக்கில் ஆண்டின் அதிகபட்ச இருப்பு 1,20,000 ரூபாய். ஃபிக்சட் டெபாசிட் 2,50,000. பி.பி.எஃப். 3,80,000. மொத்தம் ஏழரை லட்சம், அதாவது ஏறக்குறைய 8,824 டாலர். 'நமக்கு வராது' என்று அவர் படிவத்தை மூடிவிடுவார். ஆனால் பழைய கம்பெனியின் இ.பி.எஃப்.பில் 5,40,000 இருக்கிறது. ஈரோட்டில் அப்பாவின் கணக்கில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று இவர் பெயரும் சேர்ந்திருக்கிறது, அதில் 6,50,000. இவற்றையும் கூட்டினால் 19,40,000 ரூபாய், 22,824 டாலர். அவர் எஃப்பார் போட்டாக வேண்டும். போடும்போது அப்பாவின் கணக்கில் பாதித் தொகையை அல்ல, முழுத் தொகையையும் காட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவருடையது இல்லை என்றாலும் சரி. அதனால் அவருக்கு வரி வந்துவிடாது, பயப்பட வேண்டாம். வட்டி யாருடைய பணத்துக்கு வந்ததோ அவருடைய வருமானம் அது.

படிவத்தில் கேட்பவை குறைவுதான்: வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், கணக்கின் வகை, ஆண்டின் அதிகபட்ச இருப்பு. தனிக் கணக்குகள் இரண்டாம் பகுதியில், கூட்டுக் கணக்குகள் மூன்றாம் பகுதியில் வரும். கூட்டாளியின் பெயரும் முகவரியும் அங்கே கேட்கப்படும். உங்கள் பணம் இல்லாமல், கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்தால் நான்காம் பகுதி. அம்மாவின் கணக்குக்குப் பவர் வாங்கி வைத்திருப்பவர் இந்த வகை. இ.பி.எஃப்.புக்குக் கணக்கு எண்ணாக உறுப்பினர் எண்ணைத் தரலாம். மூன்று கம்பெனி மாறி, பழையவற்றை ஒன்றாக இணைக்காமல் விட்டவருக்கு ஒரே யு.ஏ.என்.னுக்குக் கீழே மூன்று உறுப்பினர் எண் இருக்கும்; மூன்றும் தனித்தனிப் பதிவு. இணைக்க முடிந்தால் இணைத்துவிடுவது நல்லது, வேலை குறையும்.

அதிகபட்ச இருப்பை ரூபாயில் எடுத்து, டிசம்பர் 31-க்கு அமெரிக்கக் கருவூலத் துறை வெளியிடும் மாற்று விகிதத்தால் டாலராக்கி, மேல் டாலருக்கு முழுமையாக்குங்கள். அந்த உச்ச இருப்பு எந்த மாதத்தில் வந்திருந்தாலும் விகிதம் டிசம்பர் 31-க்கு உரியதுதான். இன்னொன்று: ஆண்டு நடுவில் டெபாசிட்டை உடைத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் ஒரே பணம் இரண்டு கணக்கிலும் உச்சமாகக் காட்டும். அப்படியே எழுதுங்கள், கழித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆதாரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

எது கணக்கு, எது கணக்கில்லை? டீமாட், மியூச்சுவல் ஃபண்ட் ஃபோலியோ, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ., எஃப்.சி.என்.ஆர்., சரண்டர் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் கணக்கு. ஊரில் உள்ள வீடும் நிலமும் கணக்கல்ல. ஆனால் வாடகை வந்தால் அது வருமானம். லாக்கரில் இருக்கும் நகையைப் பற்றியும் எஃப்பார் கேட்பதில்லை.

அபராதம்: வேண்டுமென்று செய்யாத தவறுக்குச் சட்டம் வைத்தது 10,000 டாலர், பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்ந்து இப்போது 16,000-ஐத் தாண்டிவிட்டது. அதை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக விதிப்பேன் என்று ஐ.ஆர்.எஸ். நெடுங்காலம் வாதாடியது. ருமேனியாவில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் அலெக்சாண்ட்ரு பிட்னர் 5 ஆண்டுகளுக்கு எஃப்பார் போடாமல் விட்டதற்கு, மொத்தம் 272 பதிவுகளுக்கு 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கேட்டார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அபராதம் ஆண்டு அறிக்கைக்கு ஒன்றுதான், கணக்குக்கு ஒன்று அல்ல என்று தீர்ப்பளித்தது. அவருடைய தொகை 50,000 டாலராக இறங்கியது. சிறுசிறு கணக்குகள் நிறைய வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய ஆறுதல். ஆனால் தெரிந்தே மறைத்தால் இருப்பில் பாதிவரைகூட அபராதம் போகலாம்.

படிவம் 8938

இது வரித் தாக்கலோடு சேர்த்து ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போவது. அமெரிக்காவில் வசிக்கும் தனி நபருக்கு வெளிநாட்டு நிதிச் சொத்து ஆண்டின் கடைசி நாளில் 50,000 டாலரையோ, ஆண்டில் எப்போதாவது 75,000 டாலரையோ தாண்டினால் இது தேவை. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 1,00,000, 1,50,000. எஃப்பார் போட்டுவிட்டோம் என்று இதை விடக் கூடாது. இதைப் போட்டுவிட்டோம் என்று எஃப்பாரையும் விடக் கூடாது. இதற்கும் 10,000 டாலர் அபராதம் உண்டு. அதைவிடக் கடுமையானது, இதைப் போடாதவரை அந்த ஆண்டின் தாக்கலை ஐ.ஆர்.எஸ். திரும்பத் திறப்பதற்கான காலக்கெடு ஓட ஆரம்பிப்பதே இல்லை.

தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஷெட்யூல் பி-யின் மூன்றாம் பகுதியில் 'வெளிநாட்டுக் கணக்கு உண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறியுங்கள். மென்பொருள் கேட்கும் கேள்விகளை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் பலர் இதில் 'இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் 'தெரியாமல் விட்டேன்' என்று சொல்ல வேண்டி வந்தால், கையெழுத்திட்ட தாளில் இருக்கும் அந்த 'இல்லை' உங்களுக்கு எதிராக நிற்கும்.

பி.பி.எஃப்., இ.பி.எஃப்.

பி.பி.எஃப். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அமெரிக்காவில் உண்டு, 15 ஆண்டு முடிந்து எடுக்கும்போது அல்ல, ஆண்டுதோறும் வட்டி ஏறும்போதே. கணக்காளர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். மார்ச் 31 தேதியிட்டுப் பாஸ்புக்கில் விழும் ஒரே வரிதான் உங்கள் கணக்கு. 3,80,000 இருப்புக்கு 7.1 சதவீதத்தில் சுமார் 27,000 ரூபாய், 318 டாலர். 22 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரி 70 டாலர்தான். அந்த 70 டாலரை மறைத்துப் பத்தாயிரம் டாலர் அபராதத்துக்கு வழி வைத்துக்கொள்வதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

வெளிநாடு போனவர் புதிதாக பி.பி.எஃப். தொடங்க முடியாது; இருப்பதை முதிர்வு வரை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் வரி உண்டு என்று தெரிந்தபின் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் போடுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. 5 ஆண்டு முடிந்திருந்தால், குடியிருப்பு மாறியதைக் காரணமாகக் காட்டி, வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துக்கொண்டு முன்கூட்டியே மூடவும் விதி இடம் தருகிறது.

இ.பி.எஃப். கொஞ்சம் சிக்கலானது. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தம் 1990-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனோடும் கனடாவோடும் அமெரிக்கா செய்த ஒப்பந்தங்களில், ஓய்வூதியக் கணக்குக்குள் வளரும் பணத்துக்கு எடுக்கும்வரை வரியைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. இந்திய ஒப்பந்தத்தில் அது இல்லை. இ.பி.எஃப்.புக்கென்று தனி வழிகாட்டுதலை ஐ.ஆர்.எஸ். வெளியிட்டதும் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் வட்டியைக் காட்டுவோரும் உண்டு, எடுக்கும்போது காட்டுவோரும் உண்டு. என் சாய்வு முதல் வழியின் பக்கம். வட்டி பாஸ்புக்கில் தெளிவாகத் தெரிகிறது, வேலையை விட்ட பிறகு பணம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, வரியும் பெரிதல்ல. எந்த வழியானாலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள். வெளிநாட்டு டிரஸ்ட் என்று கருதி 3520 படிவம் போட வேண்டுமோ என்ற பழைய பயத்தை, 2020-இல் ஐ.ஆர்.எஸ். வெளியிட்ட 2020-17 எண் நடைமுறை, தகுதியுள்ள ஓய்வூதிய டிரஸ்ட்டுகளுக்குப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. உங்கள் கணக்கு அந்த நிபந்தனைகளுக்குள் வருகிறதா என்று கணக்காளரிடம் ஒருமுறை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டிக் கணக்கில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. இந்திய வங்கியின் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்க ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2024-க்கு வேண்டியது 2023-24 சான்றிதழின் கடைசி மூன்று மாதமும் 2024-25 சான்றிதழின் முதல் ஒன்பது மாதமும். சான்றிதழை விட்டுவிட்டு, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையான ஸ்டேட்மென்ட்டை இறக்கி 'வட்டி' என்று இருக்கும் வரிகளைக் கூட்டிவிடுவதுதான் சுலபம். வருமானத்துக்கு அந்த ஆண்டின் சராசரி விகிதத்தைப் பயன்படுத்தலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குமுலேட்டிவ் டெபாசிட்டில் வட்டி கைக்கு வராவிட்டாலும் ஆண்டுதோறும் சேர்ந்த வட்டி வருமானம்தான். முதிர்வு நாள்வரை காத்திருக்கக் கூடாது.

மியூச்சுவல் ஃபண்ட்: கிளம்பும் முன்பே முடிவெடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் ஒரு 'பிஃபிக்', அதாவது வெளிநாட்டில் பதிவாகி முதலீட்டு வருமானத்தையே நம்பியிருக்கும் நிறுவனம். 1986-இல் வந்த இந்த விதி, வரியைத் தள்ளிப்போட்டு வெளிநாட்டு ஃபண்டுகளில் பணம் வளர்ப்பதைத் தடுக்க எழுதப்பட்டது. மாதம் ஐயாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிற நம் பையனும் பெண்ணும் அதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

விற்கும்போது லாபத்தை, வைத்திருந்த நாட்கள் முழுவதிலும் சமமாகப் பரப்புவார்கள். நீங்கள் குடியிருப்பாளராக இருந்த முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்சபட்ச வரி விகிதம், இப்போது 37 சதவீதம். அதன்மேல் அந்த ஆண்டிலிருந்து வட்டி. நீண்டகால லாபத்துக்குரிய குறைந்த விகிதம் கிடைக்காது. ஃபண்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படிவம் 8621. ஆண்டு முடிவில் மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள், கூட்டுத் தாக்கல் என்றால் 50,000-க்குள் இருந்து, அந்த ஆண்டு விற்கவும் இல்லை, பெரிய பட்டுவாடாவும் வரவில்லை என்றால் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. ஆண்டுதோறும் சந்தை மதிப்பின் ஏற்றத்தையே வருமானமாகக் காட்டும் ஒரு தேர்வு உண்டு. அதை ஆரம்ப ஆண்டிலேயே எடுத்தால்தான் பயன். யுலிப்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நேரடியாக வாங்கிய நல்ல தொழில் நிறுவனங்களின் பங்குகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

இந்தியக் குடியிருப்பாளராக இருக்கும்போதே விற்றால் ஈக்விட்டி ஃபண்டின் நீண்டகால லாபத்தில் முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். அமெரிக்கக் கணக்கு தொடங்குவதற்கு முன்பே கதை முடிந்துவிடும். அமெரிக்கா போன பிறகு விற்றால், நீங்கள் ஊரில் இருந்தபோது ஏறிய லாபமும் சேர்த்துத்தான் அங்கே கணக்கு. வந்த நாளின் மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும் சலுகை கிடையாது. ஆகவே விசா முத்திரை விழுந்ததும் செய்யும் வேலைகளின் பட்டியலில், எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதையும் ஃபண்டுகளை விற்பதையும் முதலிடத்தில் வையுங்கள். 'நல்ல ஃபண்ட், விட மனசில்லை' என்பவர்கள் அதே பணத்தை அமெரிக்காவிலேயே பதிவான, இந்தியப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டில் போடலாம். அதற்கு பிஃபிக் விதி பொருந்தாது.

எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசிக்குச் சுருக்கமாக: சரண்டர் மதிப்பைத் தெரிவிக்க வேண்டும், வளர்ச்சிக்கு வரி வரலாம், வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டும் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஒரு சதவீதக் கலால் வரியும் படிவம் 720-இல் உண்டு. புதிதாக எடுக்காதீர்கள்.

இரண்டு முறை வரி கட்டாமல் இருக்க

வெளிநாட்டில் குடியேறியதும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்ற வேண்டும். இது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. என்.ஆர்.ஓ. வட்டியில் வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். ஒரு லட்சம் ரூபாய் வட்டிக்கு 31,200 ரூபாய். இதை அப்படியே படிவம் 1116-இல் எழுதி அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஒப்பந்தப்படி இந்தியா இந்த வட்டிக்கு விதிக்கக்கூடிய உச்சம் 15 சதவீதம்; அதற்கு மேல் பிடித்தது இந்தியாவிடம் திரும்பக் கேட்க வேண்டிய பணம். இந்தியாவில் உங்களுக்கு வேறு வருமானமே இல்லை என்றால் அந்த ஒரு லட்சம் அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழேயே இருக்கும். அப்போது முழு 31,200-உம் திரும்பி வர வேண்டியது. அமெரிக்காவில் கழிக்க ஒன்றும் இருக்காது. எனவே இந்தியாவிலும் ஆண்டுதோறும் ரிட்டர்ன் போடுங்கள். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்ல, ஐ.ஆர்.எஸ். தரும் குடியிருப்புச் சான்றிதழான படிவம் 6166-ஐயும் இந்தியப் படிவம் 10எஃப்-ஐயும் வங்கியில் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு மாநில வரி தனி. அந்த மாநிலம் வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவு தருவதில்லை, ஒப்பந்தத்தையும் ஏற்பதில்லை. டெக்ஸஸில் மாநில வருமான வரியே கிடையாது.

பல ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால்

பலர் இந்த அத்தியாயத்தை வந்து நான்கைந்து வருடம் கழித்துத்தான் படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பதறாதீர்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஐ.ஆர்.எஸ். உங்களைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களாகப் போனால்தான் இந்த வழிகள் திறந்திருக்கும்.

வட்டி வருமானம் எல்லாம் சரியாகக் காட்டி வரி கட்டியிருந்து, எஃப்பார் மட்டும் விட்டுப்போயிருந்தால், விட்ட எஃப்பார்களைக் காரணம் எழுதி அனுப்பினால் போதும். அந்த நடைமுறையில் அபராதம் இல்லை. வருமானமும் விட்டுப்போயிருந்தால் 'ஸ்ட்ரீம்லைன்ட்' என்ற வழி. அதன் உள்நாட்டுப் பிரிவில் 3 ஆண்டின் வரித் தாக்கலைத் திருத்தி, 6 ஆண்டின் எஃப்பாரைப் போட்டு, அந்த 6 ஆண்டுகளில் ஆண்டு இறுதி மொத்த இருப்பு எதில் அதிகமோ அதில் 5 சதவீதம் கட்ட வேண்டும். சமீபத்தில் வந்தவர்களுக்கும், ஊர் திரும்பிவிட்டவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி: தாக்கல் கெடு முடிந்த கடைசி 3 ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் நாள் கணக்குப்படி நீங்கள் குடியிருப்பாளராக இல்லாமல் இருந்திருந்தால் வெளிநாட்டுப் பிரிவில் வரலாம்; அதில் அந்த 5 சதவீதமும் கிடையாது. கணவன் மனைவி கூட்டுத் தாக்கல் என்றால் இருவருக்கும் இது பொருந்த வேண்டும். கிரீன் கார்டு வாங்கியவருக்கும் குடிமகனுக்கும் நிபந்தனை வேறு: அந்த ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் அமெரிக்காவில் வீடு இல்லாமல், குறைந்தது 330 முழு நாட்கள் வெளியே இருந்திருக்க வேண்டும். 'இந்த ஆண்டிலிருந்து சரியாகப் போட்டுவிடுவோம், பழையதை யார் கேட்கப் போகிறார்கள்' என்று சத்தமில்லாமல் ஆரம்பிப்பது ஆபத்து. இந்த ஆண்டின் படிவமே போன ஆண்டுகளின் கணக்கைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வழியில் எல்லாவற்றையும்விட எடை கூடியது, தவறு வேண்டுமென்று செய்ததல்ல என்று கையெழுத்திட்டுத் தரும் விளக்கம். உள்நாட்டுப் பிரிவுக்குப் படிவம் 14654, வெளிநாட்டுப் பிரிவுக்கு 14653. கணக்காளர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதித் தரும் நான்கு வரியை ஏற்காதீர்கள். எந்தக் கணக்கு எந்த ஆண்டு எதற்காகத் தொடங்கியது, அதில் இருந்த பணம் எங்கிருந்து வந்தது, அமெரிக்கா வந்தபின் அதில் என்ன நடந்தது, வரிப் படிவத்தை யார் நிரப்பினார், வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்று அவர் உங்களிடம் கேட்டாரா, சட்டம் இப்படி என்று முதன்முதலில் எப்போது, எப்படித் தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள் என்பதைத் தேதிகளோடு உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். அப்பாவின் கூட்டுக் கணக்கு என்றால், உங்கள் பெயர் ஏன் அதில் சேர்ந்தது, நீங்கள் அதிலிருந்து பணம் எடுத்ததுண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுதியதை ஆங்கிலத்தில் சரிபார்க்க ஆளைப் பிடிக்கலாம். உள்ளடக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். தொகை பெரிதாக இருந்தாலோ, தெரிந்தே விட்ட ஆண்டு ஏதாவது இருந்தாலோ, கணக்காளரிடம் போகும் முன் வரி வழக்கறிஞரிடம் போங்கள். வழக்கறிஞரிடம் பேசுவதற்கு இருக்கும் ரகசியக் காப்பு கணக்காளரிடம் அந்த அளவுக்குக் கிடையாது.